அங்கீகார அமைப்பின் இணையத்தளம்: யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரின் பாய லேபாரில் ஒரு சின்ன வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நெடுங்காலமாகக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்துவரும் ஓர் அமைப்பு தன் இணையத்தளத்தைப் புதுப்பித்துத் தரச் சொல்லியிருக்கிறது. நிறம், படம், முகப்பு எல்லாம் சமாளித்துவிடலாம். தலைவலி வேறு.

அங்கே வருகிறவர்கள் தேடுவது ஒன்றைத்தான்: இந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா? பதில் ஸ்கேன் செய்த பிடிஎஃப்களில் கிடக்கிறது. தேடினால் சிக்காது, கைப்பேசியில் விரலால் பெரிதாக்கி வரிவரியாகப் பார்க்க வேண்டும். அதைவிட மோசம், அங்கீகாரம் போன கல்லூரியின் பெயரையே நீக்கிவிடுகிறார்கள். அங்கீகாரம் இருந்தபோது படித்துப் பட்டம் வாங்கியவர் முதலாளியிடம் எதைக் காட்டுவார்? இங்கே தனியார் கல்வி நிறுவனங்களுக்கான எஜுடிரஸ்ட் தரச் சான்றிதழ்கூட நான்காண்டு, ஓராண்டு என்று காலவரையோடுதான் தரப்படுகிறது. ஆகவே தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கல்லூரியின் பழைய பெயர் மூன்றும் தெரிய வேண்டும் என்பது என் கட்சி. அங்குள்ள பெரியவர்களோ “வீண் கேள்வி வரும்” என்கிறார்கள். கேள்வி வரட்டுமே!

இப்படிப்பட்ட பதிவேட்டில் வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? அப்புறம், பழைய பிடிஎஃப்களுக்குப் பல கல்லூரிகள் இணைப்பு கொடுத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 301 திருப்பிவிடல் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்புவது) போடுவதா, கோப்புகளை அதே முகவரியில் விட்டுவிடுவதா? திங்கட்கிழமை அவர்களைச் சந்திக்கிறோம், அதற்குள் சொன்னால் புண்ணியம். ஃபிக்மா வடிவமைப்புச் செயலியில் வரைந்ததைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.