பொருள்: அரசுக்கு எதிரான நடுவர் தீர்ப்பு – ‘ஆணைவலு’ வேறு, ‘நிறைவேற்றம்’ வேறு

நண்பர்களுக்கு வணக்கம்.

அரசோடு செய்த ஒப்பந்தத்தில் தகராறு எழுந்து, நடுவர் மன்றம் ஒப்பந்ததாரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த நாள் முதல் அவர் கைக்குப் பணம் வந்துசேரும் நாள் வரை நடப்பதையெல்லாம் ‘நிறைவேற்றுதல்’ என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். சட்டப்படி அதில் இரண்டு கட்டங்கள் உள்ளன. தரப்பினர் தாமே அமர்த்திக்கொண்ட நடுவர்களின் முடிவு, நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு (டிகிரி) நிகரான வலுவைப் பெறுவது முதல் கட்டம். அந்த வலுவைக் கொண்டு நிறைவேற்று மனு போட்டு, வங்கிக் கணக்கையோ சொத்தையோ ஜப்தி செய்து தொகையை வசூலிப்பது அடுத்த கட்டம். ஆங்கிலத்திலேயே என்ஃபோர்ஸ்மென்ட், எக்ஸிகியூஷன் என்ற இரண்டும் பல நேரம் கலந்துதான் புழங்குகின்றன. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. முதல் கட்டத்திற்கு ‘ஆணைவலு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இரண்டாவதற்கு, நீதிமன்றங்களில் ஏற்கெனவே ஊன்றிவிட்ட ‘நிறைவேற்றம்’ அப்படியே இருக்கட்டும்.

தில்லி உயர் நீதிமன்ற உத்தரவுகளைத் தமிழ்நாட்டிலுள்ள துணை ஒப்பந்ததாரர்களுக்குத் தமிழில் சுருக்கி எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. “ஜெயிச்சாச்சுன்னு சொன்னீங்களே சார், பணம் எப்ப வரும்?” என்று நாமக்கல்லிலிருந்து ஒருவர் கேட்டால், எந்தக் கட்டத்தில் வழக்கு நிற்கிறது என்று அவருக்குப் புரியும்படி சொல்ல இரண்டு சொற்கள் இருந்தே ஆகவேண்டும். மண் அள்ளும் வண்டிக்கு வாங்கிய கடனின் தவணை அந்தப் பதிலை நம்பித்தான் இருக்கிறது.

முதல் கட்டத்தின் பெயராக இந்தக் குழுவில் முன்பு வந்த மூன்று பரிந்துரைகளையும் எண்ணிப் பார்த்தேன். ‘அமலாக்கம்’ என்றதும் இன்று எவருக்கும் அமலாக்கத் துறையின் சோதனைதான் நினைவுக்கு வரும். ‘செயலாக்கம்’ கணினித் துறைக்கும் திட்டப் பணிகளுக்கும் போய்விட்டது. ‘தீர்ப்பாணையாக்கம்’ அழகான சொல். நடுவர் தீர்ப்புகளுக்கான 1940ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி எழுதுவதானால் அதையே ஏற்றிருப்பேன். அந்தச் சட்டத்தின்கீழ் நடுவர் தீர்ப்பை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன்மேல் தீர்ப்பாணை ஒன்றை வாங்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் படியை நீக்கிவிட்டது. அதன் 36ஆம் பிரிவின்படி, தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் கால அவகாசம் முடிந்ததும், அது நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே கருதப்பட்டு நிறைவேற்றத்தக்கதாகிறது. எதுவும் எதுவாகவும் ‘ஆக்க’ப்படுவதில்லை, வலு மட்டும் வந்து சேர்கிறது.

இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும் என்பதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 82ஆம் பிரிவே போதும். மத்திய, மாநில அரசுகளுக்கு எதிரான தீர்ப்பாணை, அதன் தேதியிலிருந்து மூன்று மாதம் தொகை செலுத்தப்படாமல் கிடந்தால்தான் நிறைவேற்றத்திற்குப் போக முடியும் என்கிறது அந்தப் பிரிவு. அதன் மூன்றாம் உட்பிரிவு, இதே விதியை நடுவர் தீர்ப்புகளுக்கும் நீட்டுகிறது. வலு வந்துசேர்வதற்கான விதி ஒரு சட்டத்தில், நிறைவேற்றத்தைக் காக்கவைக்கும் விதி இன்னொரு சட்டத்தில். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதைத் தமிழில் எழுதினால் வாக்கியம் தன்னையே மறுத்துக்கொள்ளும்.

தில்லி விமான நிலைய மெட்ரோ வழக்கில் இந்தச் சொல்லை வைத்துப் பார்ப்போம். அந்தத் தடத்தை நடத்த ஒப்பந்தம் செய்த தனியார் நிறுவனத்துக்குத் தில்லி மெட்ரோ ரயில் கழகம் ஏறத்தாழ 2,782 கோடி ரூபாயும் வட்டியும் தரவேண்டும் என்று நடுவர் மன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தது. அதைத் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2018 மார்ச்சில் உறுதிசெய்தார். 2019 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீட்டுத் தந்தது. சீராய்வுக்கும் அப்பாற்பட்ட குறைதீர் மனுவின்மேல் 2024 ஏப்ரல் 10 அன்று அதே உச்ச நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பைக் கைவிட்டது. அதாவது 2019இல் ஆணைவலு போயிற்று, 2021இல் திரும்பி வந்தது, 2024இல் மறுபடியும் போயிற்று. நிறைவேற்றத்தின் கதை தனி. மெட்ரோ ரயில் சட்டப்படி தண்டவாளங்களையும் பெட்டிகளையும் மத்திய அரசின் முன்னனுமதி இல்லாமல் ஜப்தி செய்ய முடியாது. விபத்து இழப்பீடு தராத அரசுப் பேருந்தை அமீனா வந்து ஜப்தி செய்யும் காட்சி நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வழி இங்கே அடைபட்டிருந்தது. ஆணைவலு கையில் இருந்த காலத்திலும் முழுத் தொகை வந்துசேரவில்லை. வாங்கிய பகுதியையும் கடைசியில் திருப்பித் தரவேண்டியதாயிற்று.

இடைக்காலத் தடையைப் பற்றி எழுதவும் இச்சொல் உதவும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்துக்கு முன், ரத்து மனு போட்ட உடனேயே ஆணைவலு தானாக முடங்கிவிடும். இப்போது தனியாகத் தடை கேட்டு வாங்க வேண்டும். தடை தருவதற்காகப் பணம் கட்டச் சொல்லும் நிபந்தனையிலிருந்து அரசுக்கு என்று தனிச் சலுகை கிடையாது என்று பாம் டெவலப்மென்ட்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த மாற்றம் சிறிய ஒப்பந்ததாரர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர்களோடு பேசுகிறவர்கள் அறிவார்கள்.

‘ஆணை’ என்றதும் அரசாணை நினைவுக்கு வரும் என்ற மறுப்பு நியாயமானது. எதிர்த்தரப்பே அரசாக இருக்கும்போது அந்த மயக்கம் இன்னும் கூடும். ஆகவே ஒரு கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘தீர்ப்பாணை வலு’ என்று விரித்து எழுதி, அதன்பின் ‘ஆணைவலு’ என்று சுருக்கலாம். ஆணைவலு பெற்ற தீர்ப்பு, ஆணைவலு நீங்கிய தீர்ப்பு, ஆணைவலுவை நிறுத்திவைத்தல் என்று தொடர்களும் முரண்படாமல் அமைகின்றன.

கடனாளிக்கு மூன்றாமவர் தரவேண்டிய பணத்தை அந்த மூன்றாமவரிடமே மறித்து வாங்கும் கார்னிஷி உத்தரவுக்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. சென்னையிலும் மதுரையிலும் நிறைவேற்று மனுக்களை நடத்தும் வழக்கறிஞர்கள் தங்கள் மனுக்களில் தமிழில் எப்படி எழுதுகிறார்கள் என்று தெரிவித்தால், அடுத்த மடலில் அதை எடுத்துக்கொள்ளலாம்.