வங்கி ஏலத்துக்கு வந்த வீடு: சாவி வங்கியிடம் இல்லையாம், ஏலம் கேட்கலாமா?

வாடகைக்குடி கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். பதினோரு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம், மூன்று வீடு மாறியாகிவிட்டது. இந்த முறை எப்படியாவது சொந்தமாக வாங்கிவிட வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்து தேடியபோது, வங்கிகள் ஏலச் சொத்துகளைப் போடும் பேங்க்நெட் தளத்தில் நாங்கள் இருக்கும் பகுதியிலேயே ஒரு தனி வீடு ஏலத்துக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். ரிசர்வ் விலை, அதாவது ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை, 46 லட்சம். பக்கத்துத் தெருவில் இதே அளவு வீட்டுக்கு 60-க்குக் குறைத்துப் பேசவே மறுக்கிறார்கள். ஏலத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதில் கலந்துகொள்ள ரிசர்வ் விலையில் 10 சதவீதம் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும்.

அறிவிப்பில் 'சிம்பாலிக் பொசஷன்' என்று போட்டிருக்கிறார்கள். கிளையில் போய்க் கேட்டால், "சாவி எங்களிடம் இல்லை சார், ஆனால் சட்டப்படி வீடு எங்கள் சுவாதீனத்தில்தான் இருக்கிறது" என்கிறார்கள். மாலையில் அந்தப் பக்கமாக நடந்து போய்ப் பார்த்தேன். வாசலில் கோலம் போட்டிருந்தது, கொடியில் துணி காய்ந்தது, ஆள் இருக்கிறார்கள்.

விலையைப் பார்த்தால் விட மனசில்லை. இதில் என்ன ஆபத்து இருக்கிறது, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஏலத்தில்_எடுத்தவன் எழுதியது

தம்பி, நான் 2019-ல் இதே மாதிரி ஒரு வீடு எடுத்தேன். வங்கியின் பெயர் வேண்டாம். அன்றைக்கு எனக்கும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று பல நாள் நினைத்ததால் விரிவாகவே எழுதுகிறேன்.

சிம்பாலிக் பொசஷன் என்றால் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டி, இரண்டு செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்குள் இருப்பவர்கள் அப்படியே இருக்கிறார்கள். அவர்களை வெளியேற்றிச் சாவியை வாங்க வேண்டுமென்றால், கடன் கட்டாதவர் சொத்தை வங்கி எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபாசி சட்டம் 14-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ, பெருநகரமாக இருந்தால் தலைமைப் பெருநகர நீதித்துறை நடுவரிடமோ வங்கி மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். 30 நாளில் உத்தரவு, காரணம் எழுதினால் மொத்தம் 60 நாள் வரை போகலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்குச் சாவி வந்தது 22 மாதம் கழித்து. முழுப் பணமும் கட்டி, விற்பனைச் சான்றிதழும் கையில் வாங்கிவிட்டு, ஒரு பக்கம் கடனுக்குத் தவணையும் இன்னொரு பக்கம் நான் குடியிருந்த வீட்டுக்கு வாடகையும் அந்த 22 மாதமும் கட்டினேன். மலிவாகக் கிடைத்தது என்று நினைத்த தொகையில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது.

அடுத்தது பணத்தின் வேகம். இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. நீ 50 லட்சத்துக்கு எடுக்கிறாய் என்று வைத்துக்கொள். 25 சதவீதம், அதாவது பன்னிரண்டரை லட்சம், ஏலம் முடிந்த அன்றோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ கட்ட வேண்டும். நீ முன்பே கட்டிய 4 லட்சத்து 60 ஆயிரம் அதில் கழியும். மீதி முப்பத்தேழரை லட்சத்தை விற்பனை உறுதியான 15 நாளுக்குள் கட்டியாக வேண்டும். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி இறங்காதே. கட்ட முடியாமல் போனால் 25 சதவீதம் முழுவதும் போய்விடும். அப்படி ஒருவர் பணம் போன வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024-ல் வங்கி அந்தத் தொகையை எடுத்துக்கொண்டது சரிதான் என்று தீர்ப்பு வந்தது.

வீட்டுக் கடன் போட்டுத்தான் கட்டப் போகிறாய் என்றால் ஏலத்துக்கு முன்பே கடன் கொடுக்கும் வங்கியில் இந்தச் சொத்தின் காகிதங்களைக் காட்டி, சாவி கையில் இல்லாத வீட்டுக்குக் கொடுப்பீர்களா என்று நேராகக் கேள். எனக்கு இரண்டு இடத்தில் முடியாது என்றார்கள்.

பத்திரம்_பார்ப்பவர் எழுதியது

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினாறு வருடமாகச் சொத்து ஆவணங்கள் பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

முதலில் கடன் வாங்கியவர் வழக்குப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி வங்கியின் நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. கடன்தாரர் பெயரை வைத்து இணையத்திலேயே தேடலாம். வழக்கு இருந்தால் ஏலம் செல்லாது என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த மனுவில் என்ன குறை சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். கடனைக் கட்டச் சொல்லும் 60 நாள் நோட்டீஸ் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, ஏலத்துக்கு முன் 30 நாள் அவகாசம் தரவில்லை என்பது மாதிரி நடைமுறைத் தவறு உண்மையிலேயே நடந்திருந்தால் விற்பனையே ரத்தாகலாம். அப்போது பணத்தைத் திரும்ப வாங்கவும் நீங்கள்தான் அலைய வேண்டும்.

ஏலம் முடிந்த பிறகு கடன்தாரர் பணத்தைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்வாரா என்று பலர் கேட்பார்கள். 2016-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுக் கடனையும் கட்டினால்தான் அந்த உரிமை உண்டு. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. அந்த ஒரு பயம் வேண்டாம்.

வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், பதிவு செய்யாத வாடகை ஒப்பந்தம் அதில் வராது. வீட்டில் இருப்பது கடன் வாங்கியவர் குடும்பமா, வாடகைக்கு இருப்பவர்களா என்பது முக்கியம். அடமானத்துக்கு முன்பே முறையாகக் குடிவந்த வாடகைதாரர் என்றால் கதை வேறு, அவரைச் சுலபமாக எழுப்ப முடியாது. வங்கியிடம் மூலப்பத்திரம், பட்டா, கட்டட அனுமதி, கடன் கொடுத்தபோது அவர்கள் வழக்கறிஞர் கொடுத்த சட்டக் கருத்து எல்லாவற்றின் நகலையும் பார்க்கக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் நான் என் ஆட்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

'உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்' என்ற வரியைச் சாதாரணமாகக் கடந்து போகாதீர்கள். சொத்து வரி, தண்ணீர் வரி, மின் பாக்கி எல்லாம் உங்கள் தலையில் விழும் என்பதுதான் அதன் பொருள். பழைய உரிமையாளர் வைத்த மின் பாக்கியைக் கட்டாமல் ஏலத்தில் எடுத்தவர் இணைப்புக் கேட்க முடியாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு தனி. ஏலத் தொகை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் வரி பிடித்து நீங்கள்தான் அரசுக்குக் கட்ட வேண்டும், அதற்கான பான் விவரத்தை வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு_மகள் எழுதியது

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. வாசலில் கோலம் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அப்பா தொழிலுக்காக வீட்டை அடமானம் வைத்தார், தொழில் படுத்தது, எங்கள் வீடும் இப்படித்தான் ஏலத்தில் போனது. நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து அம்மா பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

எடுத்தவர் முதல் வாரமே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். அப்பாவுக்கு அதுவரை வழக்குப் போடும் எண்ணமே இல்லை, அன்று மாலைதான் வக்கீலைப் பார்க்கப் போனார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இழுத்தது, இரண்டு பக்கமும் நஷ்டம். அந்த மனிதர் தனியாக வந்து, "பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், அட்வான்ஸுக்கு நான் கொஞ்சம் உதவுகிறேன்" என்று சொல்லியிருந்தால் இரண்டு மாதத்தில் காலி செய்திருப்போம். உண்மையாகவே சொல்கிறேன்.

ஏலத் தொகை கடனையும் செலவையும் தாண்டினால் மிச்சம் கடன்தாரருக்குத்தான் வர வேண்டும். எங்களுக்கு அது ரொம்ப நாள் தெரியாது. நீங்கள் எடுத்தால், அந்த வீட்டுக்காரர்களுக்கும் அது தெரியும்படி செய்யுங்கள் அண்ணா.

வாடகைக்குடி மறுபடி எழுதியது

மூன்று பேருக்கும் நன்றி. சகோதரி எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இன்று அரை நாள் லீவு போட்டு வங்கிக்குப் போனேன். 14-ஆம் பிரிவு மனு போட்டாயிற்றா என்று கேட்டதற்கு, ஏலம் முடிந்த பிறகு போடுவோம் என்றார்கள். சட்டக் கருத்தின் நகலைக் கேட்டேன், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். எங்கள் கையில் இருப்பது 17 லட்சம், மீதி கடன்தான். சாவி இல்லாத வீட்டுக்குக் கடன் கொடுப்பதில்லை என்று நாங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கி சொல்லிவிட்டது. அதனால் இந்த ஏலத்தில் முன்வைப்புத் தொகை கட்டவில்லை. யாரும் கேட்காமல் போனால் மறுபடி ஏலம் வருமா? அப்போது விலை குறையுமா?

பத்திரம்_பார்ப்பவர் எழுதியது

வரும். மறு ஏலத்துக்கு 15 நாள் அறிவிப்பு கொடுத்தால் போதும், அதனால் தளத்தை வாரம் ஒரு முறையாவது பாருங்கள். யாரும் கேட்காத சொத்துக்குப் பெரும்பாலும் ரிசர்வ் விலையைக் குறைத்துத்தான் போடுவார்கள், ஆனால் கட்டாயமில்லை. இன்னொன்று, தேடும்போது 'பிசிகல் பொசஷன்', அதாவது சாவி வங்கி கையிலேயே இருக்கிறது, என்று போட்ட வீடுகளை மட்டும் முதலில் பாருங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். உங்கள் 17 லட்சத்துக்கு அதுதான் சரி, கடனும் கிடைக்க வழி இருக்கிறது. ஏதாவது அகப்பட்டால் அறிவிப்பை இங்கே போடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.