கைலி பர்மாவுல இருந்து வந்ததா?

கானாடுகாத்தான்காரன்:
காரைக்குடி ஜவுளிக்கடையில ஒருத்தரு கட்டம் போட்ட கைலி நம்ம ஊரு துணின்னு அடிச்சு பேசுறாரு. தப்புங்க. பர்மாவுக்கு கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு போன நம்ம செட்டிநாட்டு ஆளுங்க எடுத்துட்டு வந்ததுதான் கைலி. எங்க ஐயா ரங்கூன்ல வாங்குன பட்டுக் கைலி இன்னும் வீட்டுப் பெட்டகத்துல இருக்கு. லுங்கியும் அவங்க லோன்ஜியும் ஒரே பேருதானே?

தறிக்காரன் மகன்:
அண்ணே, உங்க பட்டுக் கைலி பர்மாவுதுதான், ஒத்துக்கிறேன். ஆனா கட்டம் போட்ட பருத்திக் கைலிக்கு மலேசியாவுல இன்னைக்கும் பேரு பெலிக்காட், அது நம்ம பழவேற்காடுதான். டச்சுக்காரன் 1613ல அங்க கோட்டை கட்டுனதே துணிக்காகத்தான், இந்தோனேசியாவுல இருக்குற மொளுக்காஸ் தீவுல கிராம்பு ஜாதிக்காய் வாங்கணும்னா நம்ம சோழமண்டலக் கரைத் துணியத்தான் கேப்பாங்க, அதனால மூட்டை மூட்டையா இங்க வாங்கி அங்க கொண்டு போனான். நம்ம ஆளுங்க பர்மாவுக்கு கூட்டமா போனது வெள்ளைக்காரன் 1852ல கீழ் பர்மாவப் புடிச்ச பிறகு. இருநூறு வருசம் முன்னாடியே துணி கப்பலேறிடுச்சு.

கானாடுகாத்தான்காரன்:
தம்பி, துணி போயிருக்கலாம். நான் கேக்குறது மூட்டுன கைலிய. நாம மூட்டாத வேட்டி கட்டுனவங்க. ரெண்டு ஓரத்தயும் சேத்து தைக்கிற வழக்கம் எங்க இருந்து வந்துச்சு?

பள்ளத்தூர் ஆச்சி:
நல்ல கேள்வி. ஆனா அதுக்கும் பர்மாவ மட்டும் கைகாட்ட முடியாதுப்பா. அங்க ராஜா காலத்துல ஆம்பளைங்க கட்டுனது பாசோங்கிற நீளமான துணி, மூட்டுன லோன்ஜி பரவுனது வெள்ளைக்காரன் வந்த பிறகு. தெற்கத்திப் பக்கம் கைலிய சாரம்னு சொல்லுவாங்கள்ல, அது மலாய்க்காரங்க சாரோங். கட்டுற முறைய கடல் தாண்டி கத்துக்கிட்டோம்னு சொன்னா ஏத்துக்கலாம்.

தறிக்காரன் மகன்:
ஆச்சி சொல்றது சரி. எனக்கு வலிக்கிறது வேற. வீட்டுத் தூணு பர்மா தேக்கு, தரை இத்தாலி மார்பிள், அதனால இங்க நல்லா இருக்குற எல்லாமே கப்பல்ல வந்துச்சுன்னு நெனச்சுக்கிறோம், தறியில உக்காந்து நெஞ்சவன் கணக்குலயே வர்றதில்ல. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு புவிசார் குறியீடு கெடச்சதே 2019லதான்.

கானாடுகாத்தான்காரன்:
சரிப்பா, பருத்தி கட்டக் கைலிய விட்டுத்தரேன். பட்டுக் கைலிய விடமாட்டேன், ஞாயித்துக்கிழமை பெட்டகத்த தொறந்து போட்டோ போடுறேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
ஓரத்தையும் கிட்ட வச்சு எடு. மூட்டுன தையல் தெரியணும்.