19 இலக்க எண் பகா எண்ணா? விரிதாளின் விடை பொருந்தவில்லை

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். படிவம் 4 பயிலும் என் தங்கைக்கு டியூஷன் வகுப்பில் 1000000016000000063 என்ற எண்ணைக் கொடுத்து, அது பகா எண்ணா, இல்லையெனில் அதன் காரணிகள் யாவை என்று கண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கால்குலேட்டரில் இத்தனை இலக்கங்கள் அடங்காததால் மடிக்கணினியில் விரிதாளைத் திறந்து எண்ணை இட்டேன். 2-ஆல் வகுத்தாலும் 5-ஆல் வகுத்தாலும் மீதியே வரவில்லை. 3-இல் முடியும் எண் 2-ஆல் எப்படி வகுபடும்? தான் கற்ற விதியே தவறோ என்று தங்கை ஐயப்படத் தொடங்கிவிட்டாள்; அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பதில் 1:
தம்பி, விதியில் தவறில்லை. எண்ணை இட்ட கட்டத்தைச் சொடுக்கிப் பாருங்கள், 1000000016000000000 என்றுதான் இருக்கும். விரிதாள் முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சுழியமாக்கிவிடுகிறது. ஆகவே நீங்கள் வகுத்தது வேறோர் எண்ணை. அது எண்களைச் சேமிக்கும் 64 பிட் முறையில் 2-இன் 53ஆம் அடுக்கான 9007199254740992 வரைதான் எல்லா முழு எண்களும் பிசகாமல் அடங்கும். பைத்தான் என்ற நிரல்மொழியில் இந்தத் தொல்லை இல்லை.

பதில் 2 (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்):
இதற்குக் கணினியே வேண்டாம் தம்பி, தங்கையிடம் தாளையும் பென்சிலையும் கொடுங்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை 17, எனவே 3-ஆல் வகுபடாது. வலப்புறமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் 63 − 16 + 1 = 48 வரும்; 48 என்பது 7, 11, 13 ஆகியவற்றால் வகுபடாததால் அவையும் காரணிகள் அல்ல. இப்படியே ஒவ்வொரு பகா எண்ணாக முயன்றால், ஒரு பில்லியனுக்குக் கீழுள்ள 50,847,534 பகா எண்களில் ஒன்றுகூட உதவாது.

அதனால் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் வழிக்குப் போவோம். எண்ணுடன் 1-ஐக் கூட்டிப் பாருங்கள்: 1000000016000000064. இது 1000000008-இன் வர்க்கம். ஆக, கொடுத்த எண் 1000000008, 1 ஆகிய இரண்டின் வர்க்கங்களின் வித்தியாசம். எனவே 1000000008-இலிருந்து ஒன்றைக் கழித்தும் அதனுடன் ஒன்றைக் கூட்டியும் பெறும் 1000000007, 1000000009 ஆகிய இரண்டுமே அதன் காரணிகள். இரண்டும் பகா எண்கள், அதிலும் இரண்டே வித்தியாசமுள்ள இரட்டைப் பகா எண்கள். 10 இலக்கப் பகா எண்களில் மிகச் சிறியது 1000000007-தான். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. தங்கை கையாலேயே பெருக்கிச் சரிபார்த்துவிட்டாள். காரணிகள் இவ்வளவு அருகருகே இல்லாவிட்டாலும் இந்த வழி உதவுமா என்று கேட்கிறாள்.

பதில் 2:
நல்ல கேள்வி. ஃபெர்மா 1643-இல் 2027651281 என்ற எண்ணை இவ்வழியில்தான் பிரித்தார். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணான 45030-இல் தொடங்கி, ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் எண்ணைக் கழித்து, மிஞ்சுவது ஒரு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போனால், 12ஆம் முயற்சியில் 45041 கிடைக்கிறது. அதன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் 1020-இன் வர்க்கம் மிஞ்சும். 45041-இலிருந்து 1020-ஐக் கழித்தும் அதனுடன் கூட்டியும் பெறும் காரணிகள் 44021, 46061. காரணிகள் விலக விலக முயற்சிகள் பெருகும். மிகவும் விலகியிருந்தால் இவ்வழி சிறு பகா எண்களால் வகுத்துப் பார்ப்பதைவிட மெதுவாகிவிடும். தங்கை இந்த 12 முயற்சிகளையும் தானே எழுதிப் பார்க்கட்டும்.