கண்புரை ஆபரேஷன்: நடுவில் சுருங்கும் கண்மணிக்கு எந்த மருந்து சரி?

தியேட்டர் செவிலியர்:
கண்மணியை விரிக்க எங்களிடம் ட்ராபிகமைடு 0.8%, ஃபினைலெஃப்ரின் 5% சேர்ந்த சொட்டு மருந்துதான். காலை 7 மணிக்கு அன்றைய ஆபரேஷன் லிஸ்ட்டில் உள்ள எல்லோருக்கும் தொடங்கி, 15 நிமிஷத்துக்கு ஒரு சொட்டாக மூன்று முறை போடுகிறோம். கூடவே ஃபுளுர்பிப்ரோஃபென் 0.03%. வார்டில் 7 மி.மீ. இருந்த கண்மணி, நியூக்ளியஸ் (லென்ஸின் கெட்டியான நடுப்பகுதி) வெளியே வருவதற்குள் 4 மி.மீ. ஆகிவிடுகிறது. கடைசியில் வருகிறவர்களுக்கு இது அதிகம். கண்ணுக்குள் செலுத்தும் மருந்துக்கு மாறிவிடலாமா? இமைக்குள் வைக்கும் இன்சர்ட் எப்படி?

பேக்கோ (அல்ட்ராசவுண்டால் கண்புரையை உடைத்து எடுக்கும் முறை) சர்ஜன்:
மருந்தை மாற்றும் முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள் சிஸ்டர். 7 மணிக்குப் போட்டது 11 மணி கேஸுக்கு இறங்கு முகத்தில் இருக்கும். லிஸ்ட்டை இரண்டு மூன்று பேட்ச்சாகப் பிரித்து, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கினால் போதும்.

ஃபுளுர்பிப்ரோஃபென் கண்மணியை விரிக்காது. ஐரிஸில் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறப் படலம்) கருவி உரசினால் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரக்கும், அதில்தான் கண்மணி சுருங்குகிறது. அந்தச் சுரப்பைத் தடுப்பதுதான் இதன் வேலை. ஆகவே இதை முன்னதாகவே தொடங்க வேண்டும்: இரண்டு மணி நேரம் முன்பிருந்து அரை மணிக்கு ஒரு சொட்டு, மொத்தம் நான்கு. இரண்டு மருந்துகளுக்கு நடுவே 5 நிமிஷம் விடுங்கள். உடனே போட்டால் இரண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவிக் கன்னத்தில் இறக்கிவிடும்.

ஆபரேஷனின்போது கண்ணுக்குள் ஓடவிடும் திரவத்தின் 500 மி.லி. பாட்டிலில் 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி. சேர்க்கிறீர்களா? நடுவில் சுருங்குவதற்கு அது நல்ல துணை. பைசல்ஃபைட் (மருந்து கெடாமலிருக்கச் சேர்ப்பது) இல்லாத ஆம்பூலாகப் பாருங்கள். எதுவானாலும் நீர்க்கச் செய்யாமல் கண்ணுக்குள் விடவே கூடாது, கார்னியாவின் உள்பக்க செல் அடுக்கான எண்டோதீலியம் கெட்டுவிடும்.

கண் மருத்துவர்:
கண்ணுக்குள் செலுத்தும் கலவையில் ட்ராபிகமைடு 0.02%, ஃபினைலெஃப்ரின் 0.31%, லிடோகெய்ன் 1%. அளவு 0.2 மி.லி. சைடு போர்ட் (பக்கவாட்டுச் சிறு துளை) போட்டதும் செலுத்தினால் அரை நிமிஷத்தில் கண்மணி விரிவது மைக்ரோஸ்கோப்பிலேயே தெரியும். விஸ்கோவுக்கு (கண்ணுக்குள் இடம் பிடித்து வைக்கும் ஜெல்) முன்னால் செலுத்த வேண்டும். முதலில் விஸ்கோ நிரப்பிவிட்டால் மருந்து ஐரிஸுக்குப் போய்ச் சேராது.

முன்பரிசோதனையில் சொட்டு மருந்துக்கு நன்றாக விரிந்த கண்ணுக்குத்தான் இது. அங்கேயே 5 மி.மீ. தாண்டாத கண்ணுக்கு இதை நம்பி உள்ளே போகாதீர்கள். இன்னொன்று, சொட்டு மருந்து பாட்டிலில் இருந்து சிரிஞ்சில் எடுத்துச் செலுத்தும் யோசனையே வேண்டாம். அதில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் கார்னியாவைக் கெடுக்கும்.

இன்சர்ட்டில் ஃபினைலெஃப்ரின் 5.4 மி.கி., ட்ராபிகமைடு 0.28 மி.கி. கீழ் இமைக்குள் வைத்துவிட்டால் திரும்பத் திரும்பச் சொட்டு விடும் வேலை மிச்சம். இமை தளர்ந்த முதியவர்களுக்கு நழுவி விழும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. எடுத்தாயிற்றா என்று கேஸ் ஷீட்டில் டிக் போட ஒரு கட்டம் வையுங்கள்.

பேக்கோ சர்ஜன்:
புராஸ்டேட் தொல்லைக்குத் தரும் டாம்சுலோசின் மாத்திரை பற்றி நோயாளிகளிடம் கேட்க மறக்காதீர்கள். “புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுறீங்களா” என்றால் பலர் இல்லை என்பார்கள், “ஒண்ணுக்குப் போறதுக்கு ஏதாவது மாத்திரை?” என்றால் சீட்டை எடுத்து நீட்டுவார்கள். அந்தக் கண்ணில் ஐரிஸ் துணி போல அலையடிக்கும், ஆபரேஷனுக்குப் போட்ட வெட்டின் வழியே பிதுங்கும், கண்மணி படிப்படியாகச் சுருங்கும். மாத்திரையை நிறுத்தியும் பெரிய பலன் இல்லை. கண்மணியை இழுத்து விரித்தாலும் ரப்பர் போலத் திரும்பிவிடும். ரெக்சிஸுக்கு (லென்ஸ் உறையில் வட்டத் திறப்பு போடுவது) முன்பே கண்மணியை விரித்துப் பிடிக்கும் ஹூக்கோ 6.25 மி.மீ. ரிங்கோ போட்டுவிடுவது நல்லது. எஸ்ஐசிஎஸ் (பேக்கோ இல்லாமல் சிறு வெட்டு வழியே கையால் எடுக்கும் முறை) என்றால் நியூக்ளியஸ் முழுசாக வெளியே வரணும், அங்கே தளர்த்திக்கொள்ளக்கூடிய ஹூக்தான் வசதி.

தியேட்டர் செவிலியர்:
நன்றி டாக்டர். நாளையிலிருந்து பேட்ச் பிரிக்கிறோம். பிபி அதிகமுள்ளவர்களுக்கு ஃபினைலெஃப்ரின் 5% போடலாமா?

கண் மருத்துவர்:
10% வேண்டவே வேண்டாம். 5%-ம் பிபி கட்டுப்பாட்டில் இருந்தால் மட்டும். இல்லையென்றால் ட்ராபிகமைடு 1% தனியாகப் போட்டு, மீதியைக் கண்ணுக்குள் செலுத்தும் கலவையில் பார்த்துக்கொள்ளலாம். எந்தச் சொட்டானாலும் மூக்கோரக் கண் முனையை இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், ரத்தத்தில் கலப்பது குறையும்.