டெட்லாக்கை வேணுமென்றே வரவைத்துச் சோதிப்பது எப்படி?

கேள்வி:
புறக்கோட்டை, வெள்ளவத்தை கிளைகளுக்கிடையே சரக்கு மாற்றும் மென்பொருள். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல், அதன் சேமிப்பு எஞ்சின் இன்னோடிபி. டெட்லாக் (இரண்டு ட்ரான்ஸாக்ஷன் ஒன்றின் லாக்குக்கு மற்றது காத்து நிற்பது) வந்தால் எங்கள் ரீட்ரை (மீள்முயற்சி) சரியாக ஓடுதா என்று பார்க்க வேணும். நூறு த்ரெட் ஓடவிட்டாலும் சிலநேரம்தான் வருது. நிச்சயமாக வரவைக்க வழி இருக்கா?

பதில் 1:
த்ரெட்டைக் கூட்டிப் பயனில்லை, வரிசையைக் கட்டுப்படுத்துங்கோ. இரண்டு த்ரெட், ஆளுக்கொரு கனெக்ஷன், ஆட்டோகமிட் (ஒவ்வொரு ஸ்டேட்மென்டையும் தானாகவே உறுதிசெய்வது) இல்லாமல். ஒன்று டேபிளில் புறக்கோட்டை வரியை அப்டேட் செய்யட்டும், மற்றது வெள்ளவத்தை வரியை. இரண்டும் ஒரு பாரியரில் (எல்லா த்ரெட்டும் வந்து சேரும்வரை காக்க வைக்கும் இடம்) சந்தித்த பிறகு எதிர் வரியைத் தொட்டால் ஒன்றுக்குக் கட்டாயம் 1213 (டெட்லாக் பிழை எண்) விழும். ஸ்லீப்பை நம்பாதீங்கோ. ரீட்ரையில் பாரியரைத் தாண்டிப் போக விடுங்கோ, இல்லாட்டி சோதனையே தொங்கிவிடும். எந்த த்ரெட் பலியாகும் (1213 வாங்கும்) என்பதைச் சோதனையில் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

பதில் 2:
1205ஐயும் (லாக்குக்குக் காத்திருந்து நேரம் முடிந்த பிழை) சோதியுங்கோ, ஆபத்து அதில்தான் கூட. 1213 முழு ட்ரான்ஸாக்ஷனையும் ரோல்பேக் செய்யும் (மாற்றங்களைத் திரும்ப எடுக்கும்). 1205 இயல்பாகக் கடைசி ஸ்டேட்மென்டை மட்டும்தான். முன்னர் பிடித்த லாக் அப்படியே நிற்கும். நீங்களே ரோல்பேக் கொடுத்து முதலிலிருந்து தொடங்க வேணும். லாக்குக்கான காத்திருப்பு இயல்பில் 50 செக்கன். சோதனைக் கனெக்ஷனில் மட்டும் 2 ஆக்குங்கோ.

கிளை நிரலுக்கு (டேபிளின் கொலம்) இன்டெக்ஸ் இருக்கா? இல்லையென்றால் ரிப்பீட்டபிள் ரீட்டில் (இன்னோடிபியின் இயல்பான ஐசொலேஷன் நிலை) ஸ்கான் செய்த வரியெல்லாம் லாக் ஆகி, முதல் அப்டேட்டிலேயே ஒரு த்ரெட் நின்றுவிடும்.