ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) அணைந்துபோகும் பழைய கார், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். 2004 மாடல் பெட்ரோல் கார், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோல் பீய்ச்சும்) இன்ஜின். தொப்பூர் கணவாயைக்கூட சிரமமில்லாமல் ஏறிவிடுகிறது, நின்றால்தான் வம்பு. கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் ஏசி போட்டபடி நின்றால், ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) முள் 800லிருந்து மெல்ல இறங்கி, ஸ்டியரிங் நடுங்கி, அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் அன்று மட்டும் சமர்த்தாக நிற்கும்!

பிளக் மாற்றி, த்ராட்டில் பாடியும் (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) சுத்தம் செய்தாயிற்று. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. கிராங்க் சென்சார் (இன்ஜின் தண்டு சுழல்வதை உணரும் கருவி) கோளாறு என்கிறார் ஒருவர். அது என்றால் பெரும்பாலும் முள் சட்டென்று விழும், சூடு ஆறும்வரை ஸ்டார்ட்டும் ஆகாதே? ஐடில் கன்ட்ரோல் வால்வு (ஐடிலில் காற்றை அளந்துவிடுவது) அல்லது வெடித்த வேக்கம் ஹோஸ் (இன்ஜினின் வெற்றிடக் குழாய்) என்பது என் சந்தேகம். வால்வைக் கழற்றிக் கழுவினால் போதுமா, மாற்றியே ஆகணுமா? அப்புறம், தருமபுரி பக்கம் ஸ்கேனர் போட்டுப் பார்க்கும் நல்ல எலக்ட்ரீஷியன் தெரிந்தாலும் சொல்லுங்கள்.